தண்ணீர் போன வழியே ஒரு சைக்கிள் பாதை

தாராசுரத்தில் தொடங்கி அணைக்கரை, கங்கைகொண்ட சோழபுரம், காட்டுமன்னார்கோவில், வீராணம் ஏரிக்கரை வழியாகச் சிதம்பரத்தில் முடியும் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர். வழியில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சோழர் கோயில்கள் இரண்டு, 1836-இல் கட்டிய அணை ஒன்று, ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஏரி ஒன்று. மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களும் ஏரிக்கரையும்தான். மற்றபடி கியர் மாற்றவே வேலையில்லாத சமதரை.

இந்தப் பக்கம் காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடு வருகிறார்கள். காலையில் தாராசுரம், பத்து மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம், மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம். கோயில்களுக்கு நடுவே கண்ணாடி ஏற்றிய ஜன்னலுக்கு வெளியே கொள்ளிடமும் வடவாறும் வீராணமும் கடந்துபோவது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்கள் என்பேன். கொள்ளிடத்தில் மறித்த தண்ணீர் வடவாற்றில் திரும்பி, வீராணத்தில் தேங்கி, மதகுகள் வழியே வயலுக்கு இறங்குகிறது. அதன் கூடவே போனால் கோயில்கள் தாமாக வழியில் வரும். கற்றளி எடுத்தவர்களும் ஏரி வெட்டியவர்களும் ஒரே ஆட்கள்தான்.

அதற்குச் சைக்கிள்தான் சரி. ஒரு முழம் உயரம் கூடினால் மேட்டுக்காடு, குறைந்தால் நஞ்சை என்று நிலம் மாறும் நாடு இது. அந்த ஒரு முழத்தைக் காரின் இன்ஜின் விழுங்கிவிடும். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறவனுடைய கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

அணைக்கரை வரை

விடிவதற்குள் தாராசுரத்தில் இருங்கள். ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தது, 12-ஆம் நூற்றாண்டு. முன்மண்டபத்துக்குக் கல்லில் சக்கரம் வைத்து, குதிரை பூட்டி, தேராகவே ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தேரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இன்னொரு தேர் வரப்போகிறது, இதைவிட மூத்தது.

கும்பகோணம் விழித்துக்கொள்வதற்குள் நகரத்தைத் தாண்டிவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் சைக்கிளுக்கு இடமில்லை. காபியை முடித்துக்கொண்டு வடக்கே கிளம்பினால் சோழபுரம், திருப்பனந்தாள், பிறகு அணைக்கரை. சுமார் 30 கிலோமீட்டர். வாழைத் தோப்பு, வயல், இடையிடையே கல்யாண மண்டபம். சாலையில் பேருந்துகளின் வேகம் அதிகம், ஓரம் கட்டியே ஓட்டுங்கள். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம்.

அணைக்கரையில் இறங்கி நிற்க வேண்டும். கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு திட்டை விட்டு ஓடுகிறது. இரண்டு கிளைகளுக்கும் குறுக்கே நிற்பதுதான் கீழணை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் கட்டிய மேலணையால் காவிரிப் பக்கம் தண்ணீர் கூடியது. கொள்ளிடத்தில் வருவதையும் வீணாகக் கடலுக்கு விடாமல் மறித்து, வீராணத்துக்கும் கீழ்ப்பகுதி வயல்களுக்கும் அனுப்பவே இந்த அணை. வடகரையில் பிரிவது வடவாறு. நாம் பின்தொடரப் போகும் தண்ணீர் அதுதான்.

குறுகலான பழைய பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். வரிசையாக ஷட்டர்கள். திறந்திருக்கும் கண்களின் கீழே தண்ணீர் நுரைத்துப் புரள்கிறது. மீன் தேடிக் கொக்குகள் கல்விளிம்பில் அசையாமல் நிற்கின்றன. இந்த அணையைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் திருமதிலைப் பெயர்த்துக் கருங்கல்லை இங்கே கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்திருக்கிறார்கள். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுப்பித் தருவதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1855-இல் வெளியான ஒரு குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது, கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் அதை எடுத்தாண்டிருக்கிறார்.

காட்டன் இல்லாவிட்டால் டெல்டாவின் பாதி வயல்களுக்கு நிம்மதியில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் மலையில்லாத ஊரில், எங்கிருந்தோ இழுத்துவந்த கல்லை அடுக்கி எழுப்பிய மதில் அது. அதைக் கலைத்த கணக்கையும் அணையின் கணக்கோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். பாலத்தின் மேல் சைக்கிளோடு நிற்கிறவருக்கு இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். அடுத்த 12, 13 கிலோமீட்டரில் அந்தக் கல் கிளம்பிய இடத்துக்கே போகப்போகிறோம்.

மதில் இல்லாத கோயில்

மீன்சுருட்டியில் மேற்கே திரும்பினால் சற்று நேரத்தில் வானத்தில் விமானம் தெரியும். சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சை விமானத்தைவிடக் குறைவு. தஞ்சையில் கோடு நேராக ஏறும். இங்கே உள்ளே குழைந்து வளைந்து ஏறுகிறது. தூரத்திலிருந்து மெல்ல நெருங்குகிறவருக்கு அந்த வளைவு ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் மாறும். காரில் வந்து வாசலில் இறங்கினால் இது கிடைக்காது.

முதலாம் ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டவன். அவன் படை வடக்கே கங்கை வரை போய்த் திரும்பியது. அந்த வெற்றிக்காக எழுந்த தலைநகரம் இது. அவனுக்குப் பின் வந்த சோழர்களும் இங்கிருந்துதான் ஆண்டார்கள். கோயிலின் வடபுறம் படியருகே சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. குனிந்த தலையையும் அந்த மாலையைச் சுற்றும் விரல்களையும் கிட்டே நின்று பாருங்கள். சோழர் கல்வேலையில் இதைவிட நெருக்கமான இடம் எனக்குத் தெரியவில்லை. முற்றத்துச் சிங்க முகக் கிணற்றைப் பலர் சோழர் காலத்தது என்றே நினைக்கிறார்கள். அந்தச் சிங்கத்தை வைத்தவர் 19-ஆம் நூற்றாண்டு உடையார்பாளையம் ஜமீன்தார். ஐப்பசிப் பௌர்ணமியில் இங்கே நடக்கும் அன்னாபிஷேகத்தில் நான்கு மீட்டர் உயர லிங்கம் முழுவதையும் சோற்றால் மூடுகிறார்கள். நெல் விளையும் நாட்டின் சாமிக்கு வேறு என்ன செய்ய?

கோயிலோடு திரும்பிவிடக் கூடாது. தென்மேற்கே மாளிகைமேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் போகும் செங்கல்லைப் பார்த்தால், கல்லில் கட்டியது கோயில் மட்டும்தான் என்று புரியும். ராஜா செங்கல் வீட்டில்தான் இருந்திருக்கிறான்.

அடுத்து சோழகங்கம். இன்று பொன்னேரி என்கிறார்கள். கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவந்து இதில் சேர்த்தார்கள் என்பதும், இதை ராஜேந்திரன் தண்ணீரால் நாட்டிய வெற்றித்தூணாக நினைத்தான் என்பதும் திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. அதே 1855 குறிப்பு பழைய கரையின் நீளத்தைப் பதினாறு மைல் என்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஒரு கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று என இரண்டு வரத்து இருந்ததாம். கரை உடைந்து, வரத்து அற்று, ஏரி காடானது. படையெடுத்து வந்தவர்கள் உடைத்ததாக ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு.

இன்றைக்கு இருப்பது அதில் ஒரு துண்டு. கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் புதர், மறுபக்கம் மழை பெய்தால் மட்டும் தேங்கும் தண்ணீர். விமானத்தைப் படம் எடுத்த நூறு பேரில் ஒருவராவது இங்கே வருவாரா தெரியவில்லை. ஒரு பேரரசு தன் வெற்றியின் அடையாளமாகக் காட்டியது இந்த ஏரியைத்தான். கோயில் ஆயிரம் ஆண்டு நின்றது, ஏரி நிற்கவில்லை. வரத்துக் கால்வாயைத் தூர்வார ஆளில்லாமல் போனால் எந்த ஏரிக்கும் இந்தக் கதிதான். அதை மனதில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் இன்னொரு சோழர் ஏரிக்குப் போவோம்.

ஒரு கொலையின் கல்வெட்டு

மீண்டும் மீன்சுருட்டி வந்து கிழக்கே காட்டுமன்னார்கோவில். வெயில் ஏறியிருக்கும். ஊரை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். பெரிய கோயில் அல்ல, கூட்டமும் இராது. ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்த யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஆணை. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்களுடைய சுற்றத்தாரையும் குறிப்பிட்டு, சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதி விற்கப்பட்டுக் கோயில் அறத்துக்குப் போனது.

கல்கி கொலையைக் கடம்பூர் மாளிகையில் வைத்தார். கடம்பூர் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கதையிலுள்ள மாளிகையைத் தேட வேண்டாம். மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயிலைத் தேடுங்கள். காலையில் சொன்ன இரண்டாவது தேர் அதுதான். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கற்றளி. இங்கே மண்டபம் அல்ல, கருவறையே தேர். சக்கரமும் குதிரையும் அதன் அடியில். இந்தக் கோயிலில் எருதின் மேல் நின்று பத்துக் கைகளோடு ஆடும் சிவனின் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. வேலை வங்காளத்துப் பாலர் மரபு, சோழ நாட்டுக் கை அல்ல. கங்கைப் படையெடுப்போடு வந்தது என்று சொல்வார்கள். பிரதோஷத்தன்றுதான் வெளியே எடுக்கிறார்கள். நாள் பார்த்துப் போனால் கிடைக்கும் தரிசனம்.

காட்டுமன்னார்கோவில் வைணவர்களுக்கு நாதமுனிகள் பிறந்த ஊர். வீரநாராயணப் பெருமாள் சந்நிதிக்கு வந்த யாத்ரீகர்கள் நம்மாழ்வாரின் பத்துப் பாட்டைப் பாட, மீதியெல்லாம் எங்கே என்று கேட்டுத் தேடிக் கிளம்பியவர் அவர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஒன்றாகச் சேர்ந்தது அந்தத் தேடலில்தான். பேரன் ஆளவந்தாரும் இதே ஊர். ஏரிக்கும் இந்த மரபில் பங்கு உண்டு: வீராணத்தின் 74 மதகுகளைப் பார்த்த ராமானுஜர், தண்ணீர் இப்படிப் பல வாய்களில் பாய்வதுபோலப் பக்தியும் பாய வேண்டும் என்று 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. தத்துவத்துக்கு மதகில் உதாரணம் எடுக்கிறார்கள் என்றால், அந்த ஊரின் புத்தியே தண்ணீரில்தான் இருந்திருக்கிறது.

இரவு இங்கேயே தங்கிவிடலாம். விடுதிகள் எளிமையானவை. 120 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்ட முடியாதா என்றால் முடியும். 200 கிலோமீட்டர் ப்ருவே ஓட்டுகிறவர்களுக்கு இது பாதி வேலை. ஆனால் வீராணத்தைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்.

ஏரியின் மேல்

லால்பேட்டை. அரபிக் கல்லூரிக்குப் பேர்போன ஊர், காலை பாங்கு சத்தத்தோடு டீக்கடைகள் திறந்திருக்கும். கையில் டீ கிளாஸ் வந்ததும், "எங்கேருந்து வர்றீங்க தம்பி, சைக்கிள்லயேவா?" என்ற கேள்வியும் வந்துவிடும். ஊர் முடியும் இடத்தில் சாலை ஏறுகிறது. இந்தப் பயணத்தில் கியர் மாற்றும் ஒரே ஏற்றம். ஏறி முடித்ததும் இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர்.

முதலாம் பராந்தகன் காலத்து ஏரி இது. 907 முதல் 955 வரை ஆண்ட அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் அமைந்த ஏரி. மகன் ராஜாதித்தன் வடக்கே படையோடு தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டு வெட்டியது என்பார்கள். அந்த ராஜாதித்தன் 949-இல் தக்கோலத்தில் யானை மேலேயே இறந்துபோனான். கல்கி 1950-இல் தம் பத்திரிகையில் தொடரைத் தொடங்கியபோது வந்தியத்தேவனின் குதிரையை முதலில் நடக்கவிட்டது இந்தக் கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வரை கரை சுமார் 16 கிலோமீட்டர். இதை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கரைமேல் ஓட்டினால்தான் பிடிபடும். மேற்கே நிலம் இயல்பாகவே மேடு.  கிழக்கே சரிந்துபோகும் நிலத்துக்குக் குறுக்கே இந்த நீண்ட கரையைப் போட்டார்கள். இடப்பக்கம் தண்ணீர் கிட்டத்தட்ட சக்கரத்தின் மட்டத்தில் அலையடிக்கிறது. வலப்பக்கம் வயல் ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவனுக்கு வீடு ஒரு மட்டம், தெரு ஒரு மட்டமாக இருப்பதுபோல. பம்ப் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மதகைத் திறந்தால் தண்ணீர் தானே இறங்கி 45 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்குப் போகிறது.

ஒரு மதகில் நின்றாக வேண்டும். கரையின் ஏரிப் பக்கம் சிறு கட்டுமானம், அதன்மேல் கிரீஸ் பூசிய திருகுத் தண்டு. சாவி நீர்வளத் துறை லஸ்கரிடம். அவர் சாவியைச் சுற்றச் சுற்ற, பல்லுக்குப் பல் கிறீச்சிட்டு ஷட்டர் மேலே வரும். ஏரிப் பக்கம் சுழி விழுவது மட்டும் தெரியும். ஓடிப்போய்ச் சாலையின் மறுபக்கம் பார்த்தால், கீழே இருட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் இரைச்சலோடு வெளியே விழுந்து, இரண்டு கரையையும் ஒரு தடவை மோதிப் பார்த்துவிட்டு, வாய்க்காலில் அமைதியாகிறது. நாணல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துகொள்ளும். காலடியில் சாலைக்குக் கீழே அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பாதம் உணரும். முகப்புக் கல் மாறியிருக்கும், ஷட்டர் இரும்பாகியிருக்கும். ஆனால் வேலை பராந்தகன் காலத்து வேலைதான்.

முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இந்த எண்கள் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானவை. கரையின் வடகோடியில் பூதங்குடியில் இருக்கும் நீரேற்று நிலையம்தான் அதற்குக் காரணம். 1960-களில் தொடங்கிய பழைய வீராணம் திட்டத்தில் வார்த்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் கிடந்து வீணாகி, ஏழைகளுக்குக் குடிசையாக இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய திட்டம் 2004-இல் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற கணக்கில், வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு 200 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குப் போகிறது. பாசனத்துக்கு வெட்டிய ஏரியில் பெருநகரம் பங்கு கேட்கிறது. கேட்கலாம், தாகம் யாருக்கும் பொது. ஆனால் பங்கு கேட்கிறவர்கள் ஏரியில் சேரும் வண்டலையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து வரும் ஓடைகள் ஒவ்வொரு மழைக்கும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. சோழகங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

மார்கழி, தை மாதங்களில் நீர்க்காகங்களும் நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் தண்ணீர் நடுவே கூட்டமாக இருக்கும். ஹாரன் அடிக்காத வண்டி என்பதால் சைக்கிளுக்குப் பறவைகள் அவ்வளவு பயப்படுவதில்லை.

போகிறவர்களுக்கு

இரண்டு பருவம் நல்லது. மேட்டூர் திறந்து கீழணைக்குத் தண்ணீர் வந்த பிறகு ஆடி, ஆவணி. அப்போது காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். இந்தப் பாதை வடகிழக்காகப் போவதால் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். வெயில் மட்டும் கடுமை, பதினோரு மணிக்கு மேல் நிழல் தேடிக்கொள்ளுங்கள். அல்லது தை, மாசி. ஏரி நிறைந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும், ஆனால் எதிர்க்காற்று. அந்த மாதங்களில் சாலையின் பாதியில் நெல் காயும். அதன் மேல் டயரை ஏற்றாதீர்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போனால் ஒரு நிமிடம்தான் கூடுதல். கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவியலுக்குப் பக்கத்திலேயே இரவெல்லாம் படுத்துக் கிடந்தவருடைய நெல் அது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை என்றால் கரைப் பக்கமே போக வேண்டாம்.

ரோடு பைக்கின் மெல்லிய டயர் வேண்டாம். 28 அல்லது 32 மில்லிமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கருவேல முள்ளுக்கு இரண்டு டியூப் கூடுதலாக இருக்கட்டும். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு. கும்பகோணம், சிதம்பரம் இரண்டுமே மெயின் லைன் ரயில் நிலையங்கள். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வைத்தால் சைக்கிளை ரயிலிலேயே அனுப்பலாம்.

கரைச் சாலையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம், நடுவே பேருந்தும் டிராக்டரும் எதிரெதிரே வரும். நமக்கு இது இரண்டு நாள் சுற்றுலா. கரையோர ஊர்களிலிருந்து லால்பேட்டைக்கும் சேத்தியாத்தோப்புக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அரசு கொடுத்த சைக்கிளில், தினம் இதே கரையில் போகிறார்கள். கும்பகோணம்–சென்னை பெருஞ்சாலையை நான்கு வழியாக்க எவ்வளவு செலவானது! அதில் ஒரு துளி போதும், இந்தப் பதினாறு கிலோமீட்டருக்குத் தடுப்பும் சைக்கிளுக்கென்று ஒரு தனித்தடமும் போட. கரையை அகலப்படுத்த மரங்களை வெட்ட வேண்டாம். கனரக வண்டிகளைப் பெருஞ்சாலைக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை அரசு விழாவாகிவிட்டது. அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பன் கட்டிய ஏரிக்கரையில் ஒரு தகவல் பலகை வைப்பதும், மதகுகளுக்குப் பெயர் எழுதுவதும் அதே அரசு செய்யக்கூடிய காரியம்தான்.

சேத்தியாத்தோப்பில் கரை விட்டு இறங்கினால் வெள்ளாறு. அதை ஒட்டிப் புவனகிரி வழியாகச் சிதம்பரம் சுமார் 27 கிலோமீட்டர். வழியெல்லாம் சிறு வாய்க்கால்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். அவற்றில் சில வீராணத்துத் தண்ணீர். கடைமடைக்கு வந்து சேரும்போது வாய்க்கால் ஒரு தாண்டலில் கடக்கும் அளவுக்குக் குறுகிவிடும். மதகில் பார்த்த இரைச்சல் இருக்காது. ஆனாலும் தண்ணீர் நிற்காமல் கிழக்கே போய்க்கொண்டிருக்கும். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு முதலில் சாப்பிடுங்கள். கத்தரிக்காய் கொத்சு இந்த ஊரில் சாப்பிட வேண்டியது. நடராஜர் கோயில் மாலையில் நடை திறந்ததும் போகலாம். இரவு ரயிலுக்கு நேரம் இருக்கிறது.